பந்தைத் தொடாத ஒன்பது வருடம்

காலை எட்டேகாலுக்கு வெண்டல் ஹஸ்கின்ஸ் ஆசிரியர் அறைக்குள் பக்கவாட்டாக நுழைகிறார். நேராக வந்தால் அவர் உடம்புக்குக் கதவு காணாது. இரண்டு கதிரைகளை எதிரெதிரே இழுத்து, ஒன்றில் தான் இருந்து, மற்றதில் வலது காலை நீட்டி, உறைந்த பட்டாணிப் பை ஒன்றை முழங்காலில் வைத்துத் துவாயால் கட்டுகிறார். இது இரண்டாவது பை. ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் கொஸ்தா பசி தாங்காமல் முதல் பையை அவித்துச் சாப்பிட்டுவிட்டார். அன்று வெண்டல் போட்ட சத்தம் வீதியால் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மெல்பேர்னின் மேற்கே, சன்ஷைனில் எங்கள் பள்ளிக்கூடம். அவர் உடற்பயிற்சி, நான் கணக்கு. ஆசிரியர் தட்டுப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து விமானச் சீட்டுக் கொடுத்துக் கூப்பிடப்பட்டவர்களில் அவர் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து நான் சொந்தச் சீட்டில் வந்து வரிசையில் நின்றேன். அது வேறு கதை. மற்றவர்களுக்கு நான் 'நித்'. வெண்டல் மட்டும் நித்தியானந்தன் என்று முழுதாகச் சொல்வார். ஒரு வாரம் சொல்லிப் பழகியவர். அவர் பேசும் ஆங்கிலத்தை எங்கள் வீட்டுப் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

சனிக்கிழமைகளில் எங்கள் குசினியில் அவருக்கு இடியப்பம். என் மனைவி இரஞ்சிதத்திடம் 'இன்னும்' என்ற சொல்லை முதல்நாளே படித்துவிட்டார். 'போதும்' என்ற சொல்லை எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறவில்லையாம். கள்ளன்!

இந்த மனிதர், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடியவர். அறுபதாயிரம் பேர் பார்த்த ஆட்டங்கள். நான் வாயைப் பிளந்து, "எத்தனை தரம் பந்தைக் கொண்டு ஓடினீர்?" என்று கேட்டேன்.

"பந்தோ? நான் தொட்டதே இல்லை," என்றார் இடியப்பத்தைக் குழைத்தபடி. "பந்தை எறியிறவனுக்கு முன்னால நிண்டு, வாறவனை மறிக்கிறதுதான் என்ர வேலை. ஒழுங்கா மறிச்சா ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. பிழை விட்டா ஒலிபெருக்கியில பேர் வரும். பதினொரு தரம் வந்தது. பதினொண்டும் பிழை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எண்ணி வைத்திருக்கிறாரே, அதைக் கவனியுங்கள்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆசிரியர்களும் பெற்றோரும் மோதும் ஆட்டம் நடக்கும். இந்த ஊர்க் கால்பந்து. உயரத்தில் வரும் பந்தைக் கையால் பிடித்தால் நடுவர் விசில் ஊதுவார். பிடித்தவர் ஆறுதலாக நின்று கம்பங்களுக்கிடையே உதைக்கலாம். உள்ளே போனால் ஆறு புள்ளி. போன வருடம், எழுபத்தைந்தாம் ஆண்டில், வெண்டல் கம்பத்துக்கு நேரே பந்தைப் பிடித்தார். விசில் ஊதியது. அவருடைய நாட்டில் விசில் என்றால் அந்தச் சுற்று முடிந்தது என்று பொருள். மனிதர் பந்தைப் பக்குவமாகத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு வரிசையில் நிற்க நடந்தார்! பெற்றோர் அணியின் இறைச்சிக்கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்தில் விழுந்த ஆறு புள்ளிதான் எங்களைத் தோற்கடித்தது. ஒலிபெருக்கி மேசையில் இருந்தவர் சட்டை எண்ணைப் பட்டியலில் தேடி, வெண்டலின் பெயரை இரண்டு தரம் சொன்னார். அதோடு பதின்மூன்று.

அதற்குப் பிறகு அவர் தாழ்வாரத்தில் வந்தால் மாணவர்கள் விசில் அடித்து, கையிலிருந்த பேனையைப் பக்குவமாகத் தரையில் வைப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் 'இன்னும்' கேட்கவில்லை. இரஞ்சிதம் என்னைப் பார்த்தாள்.

"ஒருக்கா," என்றார் கோப்பையைப் பார்த்தபடி. "ஒரே ஒருக்கா, என்ர காலால பந்து போய்ப் புள்ளி ஏறவேணும். அடுத்த வருசமும் நிப்பன்." முழங்கால் இன்னொரு தரம் பிசகினால் கைத்தடிதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதையும் அவரே சொன்னார்.

பிறகு மறிக்கிற வேலைக்கு என்னைப் பிடித்தார். நான் ஐம்பத்தாறு கிலோ. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், மதிய இடைவேளையில் பயிற்சி. "உம்மட வேலை பந்தில்லை. வாறவன். காலை அகட்டும். அவன்ர நெஞ்சைப் பாரும். கண்ணை மூடாதேயும்." ஒற்றை விரலால் தள்ளுவார், நான் விழுவேன். ஐந்தாம் கிழமை விழவில்லை. "ஓ!" என்று அவர் கத்தியதில் கொட்டகையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

இந்த வருட ஆட்டத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. மைதானம் சேறு. கடைசி இரண்டு நிமிடம், நாங்கள் நான்கு புள்ளி பின்னால். வெண்டல் ஓட முடியாமல் கம்பத்துக்கு முன்னால் நிற்கிறார். பந்து கொஸ்தாவிடம் வந்தது. அவர் நிமிர்ந்து உதைக்க ஒரு மூச்சு நேரம் வேண்டும். இறைச்சிக்கடைக்காரர் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். நடுவில் நான்.

காலை அகட்டினேன். நெஞ்சைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை, சத்தியமாக மூடவில்லை. ஆனையோடு மோதிய மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். பந்து என் தலைக்கு மேலால் போனது.

கிடந்தபடியே பார்த்தேன். வெண்டலின் இரண்டு கைகளும் உயர்ந்தன. விசில்.

"கீழே வைக்காதே!" என்று ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோரில் பாதிப் பேர் எல்லோருமாகக் கத்தினார்கள். "வைக்கமாட்டன்!" என்று திருப்பிக் கத்தினார், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இருபது அடி தூரம். நல்ல இடது காலால் உதைக்க, முழுப் பாரமும் பழுதான வலது காலில் இறங்க வேண்டும். இறக்கினார். பந்து அசிங்கமாகத் தள்ளாடிப் போய்க் கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. இரண்டு புள்ளியால் வெற்றி! ஆட்டம் முடிந்த சங்கும் ஊதியது.

"வெண்டல் ஹஸ்கின்ஸ்!" என்றது ஒலிபெருக்கி. பதினான்காம் தரம். இந்தத் தரம் பிழை இல்லை. சேற்றில் கிடந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைத் தூக்க ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி என்னிடம் வந்தார். கழுத்துப் பட்டியைப் பிடித்து என்னை நிமிர்த்தினார். என் முதுகை ஒலிபெருக்கி மேசைப் பக்கம் திருப்பி, சட்டை எண்ணில் அப்பியிருந்த சேற்றைத் தன் பெரிய உள்ளங்கையால், அழுத்தி, துப்புரவாகத் துடைத்தார்.