'நம்மவர்' பக்கத்தில் இல்லாத பெயர்

மலேசியாவில், மேரு என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த அய்யாவு, புனிதவதியை முதன்முதலில் பார்த்தது 1981 டிசம்பரில். கிள்ளானில் அவன் படித்த இடைநிலைப் பள்ளியில் அன்று முன்னாள் மாணவர் விருந்து. மண்டப வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, மெலிந்த பெண். அவன் பேரைச் சொன்னதும் பட்டியலைப் பார்க்காமலேயே பெயர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். கூடவே சங்கத்தின் செய்தித் தாளையும், கடைசிப் பக்கம் மேலே தெரிய மடித்து.

'நம்மவர்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி. கன்னையா மகன் அய்யாவு அறிவியல் பட்டம் பெற்றார். அவருடைய தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவரே.

"இத யாருக்கா அனுப்பினது?"

"அனுப்பினவங்க பேர சொல்றதில்ல. உள்ள போங்க தம்பி, மீஹூன் தீர்ந்துடும்."

ஐந்து பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அதில் ஒன்றை அவன் அப்பா சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். தோட்டத்தில் யாரோ நல்ல மனசோடு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அவன் நினைத்தான். தோட்டத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போய்ப் படித்து முடித்த வேறு ஆளே கிடையாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

புனிதவதியின் அப்பா சிவசம்பு ரயில்வேயில் இருந்தவர். அவர் கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்தில்தான் மகள் அந்தப் பள்ளியில் படித்தார். தமிழ்மொழிக் கழகம், பேச்சுக் கழகம், சாரணியர், பூப்பந்து என்று எந்தக் கழகத்தின் பழைய படத்தை எடுத்தாலும் ஓர் ஓரத்தில் புனிதவதி நிற்பார், மடியில் சாய்த்த குறிப்பேட்டோடு. எல்லாவற்றுக்கும் அவர்தான் செயலாளர். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடிந்த வருடம் அம்மா இறந்துபோனார். அடுத்த வருடம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அண்ணன்மார் இருவரும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் தங்கிவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீடு, அப்பாவுக்கு மூன்று வேளைக் கஞ்சி. சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்து சங்க வேலை பார்ப்பார். சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர்.

'நம்மவர்' பக்கத்துக்கு இரண்டு விதி இருந்தன. ஒன்று, தன் செய்தியைத் தானே அனுப்பக் கூடாது; இன்னொரு முன்னாள் மாணவர் தன் பேர் போட்டுச் சீட்டு அனுப்ப வேண்டும். இரண்டு, செய்தி போன விருந்துக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். 1976இல் ஒருவர் தன்னைத் தானே மேனேஜர் என்று எழுதி அனுப்பி, அது அச்சாகி, ஊரே சிரித்த பிறகு புனிதவதி கொண்டுவந்த விதிகள். தலைவர் தம்பு ஆமோதித்தார். மறுபேச்சில்லாமல் நிறைவேறின.

அப்பாவைப் பார்த்துக்கொண்டே, தபால் வழியாக, ஏழு வருடம் புனிதவதி சட்டம் படித்தார். அவர் படிப்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா 1985இல் காலமானார். 1987 ஆகஸ்டில் லண்டனிலிருந்து உறை வந்தது. தேறியிருந்தார். உறையை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போட்டார். பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை.

அந்தப் பக்கத்தில் தன் பெயர் ஒருமுறை வர வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது. பதினோரு வருடமாக மற்றவர்களுடைய பட்டம், கல்யாணம், பதவி உயர்வு எல்லாவற்றையும் தட்டெழுதிய கை. இரண்டு வரி போதும்.

சுபாங் ஜெயாவில் இருந்த வகுப்புத் தோழி கெர்ட்ரூடுக்குப் போன் போட்டார்.

"ஏய், நெஜமாவா? சொல்லவே இல்ல பாரேன், கள்ளி. சரி சரி, என் மவன் வயலின்ல கிரேட் ஃபைவ் பாஸ் பண்ணிட்டான். எங்க வீட்டுக்காரரும் நம்ம ஸ்கூல்தானே, அவரு சீட்டு அனுப்புறாரு, மறக்காம போட்டுடு லா."

அக்டோபர்க் கூட்டத்தில் அய்யாவு இருந்தான். இப்போது அவன் ஆசிரியர், செயற்குழு உறுப்பினர். அவனிடமும் சொன்னார்.

"அக்கா, பெரிய விஷயம்க்கா. கட்டாயம் பேப்பர்ல போடணும்."

"போடணும்" என்றார் புனிதவதி. சீட்டு அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கும் தானே அனுப்புவதற்கும் என்ன வித்தியாசம்.

அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள். வேலை விட்டு வந்ததும் தினமும் தபால் பெட்டியைத் திறந்தார். சீட்டுகள் வந்தன. வயலின் வந்தது. மூன்று கல்யாணம், ஒரு புதுக் கிளினிக். கடைசி நாள் தண்ணீர் பில் மட்டும் கிடந்தது.

நவம்பரில், பிரதி எடுப்பதற்கான மெழுகுத் தாளில், ஸ்டென்சில் தட்டினார். கடைசியில் இரண்டு வரிக்கு இடம் மிஞ்சியது. தட்டினார்: 'சிவசம்பு மகள் புனிதவதி சட்டப் பட்டம் பெற்றார்.' படித்தார். பிறகு சிவப்புத் திருத்து மையை எடுத்து அந்த வரியின் மேல் பூசி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். காய்ந்த இடத்தில் விருந்துக்கு வருபவர்கள் தட்டு கொண்டுவரத் தேவையில்லை என்று தட்டினார்.

பள்ளி அலுவலகத்தில் அய்யாவுதான் பிரதி எடுக்கும் மெஷினைச் சுற்றினான். ஸ்டென்சிலில் சிவப்பாக ஒரு திட்டைப் பார்த்து, "அக்காவுக்குக்கூட தப்பு வருமா?" என்று கேலி செய்தான். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

விருந்தன்று கெர்ட்ரூட் தாளைப் புரட்டிக்கொண்டே மேசைக்கு வந்தாள்.

"எங்கடி உன் பேரு? நீதானே எழுதற, போட்டுக்க வேண்டியதுதானே?"

"நானும் அக்கா போட்டுருப்பாங்கன்னுதான் நெனச்சேன்" என்றான் அய்யாவு.

"யாரும் சீட்டு அனுப்பல."

"ஒனக்கெதுக்குடி சீட்டு?"

"விதி எனக்கும்தான்" என்றபடி புனிதவதி அடுத்தவருடைய பெயர் அட்டையைத் தேடினார்.

அய்யாவு அன்று சாப்பிடாமல் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய சீட்டுக் கோப்புகளைத் திறந்தான். 1981. அவன் செய்தி, நீல மையில், சாய்ந்த எழுத்தில். அனுப்பியவர்: சி. புனிதவதி. அதற்கு முன்னும் பின்னும் வேறு தோட்டங்களின் பிள்ளைகளைப் பற்றிய சீட்டுகள். மாரியாயி, நர்ஸ். வீரம்மா, ஆசிரியர் பயிற்சி. எல்லாம் அதே எழுத்து. கோப்பைக் கட்டி வைத்துவிட்டுத் திரும்பியபோது மேசை மடக்கப்பட்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு அக்கா போய்விட்டார் என்றார்கள்.

அடுத்த அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் தபால் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. புனிதவதி சட்டப் பட்டம் பெற்றது பற்றி, இரண்டு வரியில் அடங்காமல், பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அனுப்பியவர்: அய்யாவு. அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். இரவு அஞ்சலட்டையில் பதில் எழுதினார்: 'அன்புள்ள தம்பி, சீட்டு கிடைத்தது. சென்ற ஆண்டுச் செய்தி என்பதால் வெளியிட இயலவில்லை. நன்றி. செயலாளர்.' தள்ளுபடியான சீட்டுகளைக் கிழித்துப் போடுவது அவர் வழக்கம். இதைக் கிழிக்கவில்லை.

இது 1996. புனிதவதிக்கு நாற்பத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார். அதே அலுவலகத்தில் இப்போது தலைமைக் குமாஸ்தா. 'நம்மவர்' பக்கத்தை இன்னமும் அவரே தயாரிக்கிறார். சீட்டுகளை அக்டோபர் கடைசிக்குள் அவர் வீட்டு முகவரிக்கே அனுப்ப வேண்டும்.