கோல் போடாத அண்ணன்

“இளைப்பாறுகிறார்” என்று அண்ணனின் நினைவு மடலில் முதல் வரியில் எழுதச் சொன்னார்கள். எழுதி எழுதி அடித்துவிட்டேன். எங்கள் அண்ணன் ஒரு நாளும் இளைப்பாறியவர் அல்லர். சாப்பிட உட்கார்ந்தாலும் மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டிருக்கும். சபையில் ஜெபம் நடக்கும்போதுகூட, பின்னால் யாரோ நெருங்குவதுபோல் தோளுக்கு மேல் தலை திரும்பும். கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவர்கள் பந்து காலுக்கு வரும் முன்பே நாலு பக்கமும் பார்த்துவிட வேண்டுமாம். அந்தப் பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை.

அண்ணன் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தார். அப்பா அப்போது சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணி அடிப்பவர். ஆட்கள் ஏறியதும் ஷாஃப்ட் குழியின் வாசலில் நின்று அவர் மணி கொடுத்தால்தான் கேஜ் இறங்கும். அண்ணன் பள்ளியில் படிக்கும்போதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். பத்தாவதோடு நிறுத்திய அண்ணனுக்கு, அவர் பந்து ஆடுவதைப் பார்த்தே ஒரு தொழிற்சாலை வேலை கொடுத்தது. நிரந்தர வேலை. அதில் அவர் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. கோவாவில் ஒரு கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்ததும் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்பா திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

“போ. கோல் போட்டா பேப்பர்ல பேரு வருமில்ல? அன்னிக்கு வர்றேன், உன் ஆட்டத்தப் பாக்க.”

அண்ணனின் இடம் கோல் போடும் இடமல்ல. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் நிற்பவருக்குச் சேர்ப்பதுதான் அவர் வேலை. இதை அப்பாவுக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை. கோவா, கொல்கத்தா, ஷில்லாங், மறுபடி பெங்களூர் என்று ஒப்பந்தம் முடிய முடிய கிளப் மாறியது. நடுவில் முழங்காலில் அறுவை சிகிச்சை. எந்த ஊரிலிருந்து பேசினாலும் அப்பாவின் கேள்வி மாறவில்லை.

“இன்னாடா, கோல் போட்டியா?”

“இல்லப்பா.”

“அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ ஓட்றே?”

அண்ணன் சிரித்துவிட்டு போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். “பாப்பா, நான் நிறுத்துன மாதிரி நீ நிறுத்திடாத. இன்னா?” எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படிக்க வைத்தவர் அண்ணன். அவர் இருந்திருந்தால் இதைத்தான் முதல் வரியில் எழுதச் சொல்லியிருப்பார்.

பெங்களூரில் ஆடியபோது ஒரு நாள், என் செல்போனில் அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடியப்போகும் நேரம். பந்து அண்ணன் காலில், எதிரில் கோல்கீப்பர் மட்டும். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் ஓடிவந்தவருக்குத் தட்டிவிட்டார். கோல் போட்டது அந்த ஆள்.

சாயங்காலம் போன் வந்ததும் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“உன் கால்ல இருந்தத இன்னாத்துக்குடா அவனுக்குக் குடுத்தே?”

“அவன் என்னவிட நல்ல எடத்துல இருந்தான்பா.”

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். அடுத்த ஆட்டத்தன்று காலையில், “கெளம்பு” என்று என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்.

மைதானத்தில் அவர் பந்தைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்தார். பாதி ஆட்டத்தில் என் முழங்கையைத் தட்டி, “இவன் குடுத்தாத்தான் எல்லாம் நவுருது, பாத்தியா?” என்றார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்த அண்ணன் அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இன்னாப்பா, நான் கோலே போடல, வந்துட்டே?”

“பெல்லு அடிக்கிறவன் கேஜுல ஏற மாட்டான்டா. வா, சாப்புடலாம்.”

அதற்குப் பிறகு பெங்களூரில் நடந்த எந்த ஆட்டத்தையும் அப்பா தவறவிடவில்லை. ஆனால் மிச்சமிருந்தவை கொஞ்சம்தான். அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருத்துவமனையிலும் போர்வைக்குள் அவர் கால் ஓடிக்கொண்டிருந்தது.

“கால ஆட்டாம படுங்கண்ணா” என்பார் நர்ஸ்.

“நிறுத்திப் பாத்துட்டேன் சிஸ்டர். கேக்க மாட்டேங்குது.”

ஒரு காலையில் போர்வை அசையவில்லை. அம்மாதான் முதலில் பார்த்தார்.

அடக்கத்துக்கு வந்திருந்த ஒருவர், ஏதாவது பேச வேண்டுமே என்று அப்பாவிடம் கேட்டார். “உங்க பையன் மொத்தம் எத்தினி கோலு போட்டிருப்பாரு?”

அதுவரை தலை குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

“ஒண்ணுகூட இல்லீங்க” என்றார்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த ஆட்டக்காரர்களுக்கும், மருத்துவமனையில் முறை வைத்து எங்களோடு தங்கிய ஆண்டர்சன்பேட்டை உறவினர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லைன் வீட்டு அக்காக்களுக்கும், சபையாருக்கும் எங்கள் நன்றி. யாருடைய பெயரையும் நான் இங்கே போடவில்லை. அண்ணனும் அப்படிப் பேர் வராமல்தான் இருந்தார்.

நினைவு ஆராதனை முடிந்ததும், அவர் சிறுவயதில் ஆடிய மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்திருக்கிறோம். எல்லோரும் வாருங்கள். உள்ளே எங்கே போவது என்று தெரியாதவர்கள் மைதானத்து வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். எங்கள் எல்லோருக்கும் முன்பே அப்பா அங்கே வந்திருப்பார்.