கொலைகாரனுக்கு இரங்கப் பன்னிரண்டு மைல்

1969 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரிக்கு ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம் பார்க்கப் போனோம். லொறியும் டிக்கெட்டும் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கங்காணியின் செலவு. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர். எதற்காக இந்தத் தாராளம் என்பது லொறியில் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

முந்திய வாரம் அவர் என் அக்கா லெட்சுமியை ரப்பர்ப் பால் வாளியோடு மேட்டிலிருந்து தள்ளிவிட்டிருந்தார். அக்காவின் கை முறிந்தது. படத்துக்கு மறுநாள் தோட்டத்துத் துரையின் விசாரணை. தோற்றால் அக்காவின் பேரை வெட்டிவிடுவார்கள். வேலையும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். தள்ளியதைக் கண்ணால் கண்டவர் எங்கள் லயத்துப் பெருமாள் அண்ணன் ஒருவர்தான். லொறியில் முன்சீட்டும் அவருக்குத்தான்.

பன்னிரண்டு மைல், வளைவுக்கு மேல் வளைவு. முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து, இரண்டரை மணிக் காட்சிக்குத் தியேட்டர் கலரியில் உட்கார்ந்தோம்.

முதல் பாகத்தில் ஒரு மில் முதலாளி கூலிக்காரப் பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொல்வான். அவள் பேயாக வந்து அவன் கழுத்தை நெரிப்பாள். இரண்டாம் பாகத்தில் அவனே பேய், அவனே கதாநாயகன். சின்ன வயதில் மாற்றாந்தாய் சோறு போடவில்லையாம், அதனால் மனம் கெட்டதாம். அழுகைப் பாட்டு வேறு. அந்தப் பெண்ணுக்கு ஒரு காட்சிகூட இல்லை. கெட்டவனுக்கும் ஒரு கதை இருக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைச் சொல்லச் செத்தவளின் வாயை அடைக்க வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பெருமாள் அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

படம் விட்டதும் தேத்தண்ணிக் கடையில் கங்காணி எல்லாருக்கும் வடை வாங்கிக்கொடுத்தார்.

"நாங்களும் மனுசங்கதானே பெருமாளு. மேல தொரை ஏசுறாரு, கீழ நீங்க ஏசுறீங்க."

லொறி டிரைவர் பண்டாரவும் சிங்களத்தில் "அனே பவ்" என்று தலையாட்டினார். ஐயோ பாவமாம்.

திரும்பி வந்தபோது அக்கா கட்டுப்போட்ட கையோடு காம்பரா வாசலில் நின்றாள். என்ன கதை என்று கேட்டாள். பெருமாள் அண்ணனே சொன்னார்.

"அந்த மொதலாளி கெட்டவன் இல்ல தங்கச்சி. பாவம், அவனுக்கும் எவ்வளவோ கஷ்டம்."

"சரிண்ணே. கெணத்துல கெடந்தவ ஏறி வந்தாளா?"

அவர் தன் காம்பராவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் துரை முன்னால் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "தள்ளுனாருங்க தொரே. ஆனா கெட்ட மனுசன் இல்லீங்க." துரை பின்பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். அந்த மாதமே அக்காவின் பேரை வெட்டினார்கள்.

இரத்தினபுரிக்குப் போகிறவர்கள் குடை இல்லாமல் போகாதீர்கள். அந்த ஊர் மழை சொல்லிவிட்டு வராது. பகல் காட்சி பார்த்தால் வெளிச்சம் இருக்கவே ஊர் திரும்பலாம். இரண்டாம் பாகமாக இருந்தால் சொந்தக் காசில் பாருங்கள். வேறு யாராவது டிக்கெட் வாங்கித் தந்தால், உங்கள் லயத்தில் யாருடைய கை முறிந்திருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.