குப்பாயி தொட்ட கல்

குப்பாயி வீட்டுக்குள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளையும் அம்மை கொண்டுபோன பிறகு அவளுக்கு மிஞ்சியது அத்தாயி ஒருத்திதான். மகளுக்குப் புதுப் பாவாடை எடுத்தாலும் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துத்தான் கட்டிவிடுவாள். யாராவது சூட்டிகையான பெண் என்று சொல்ல வாயெடுத்தால், "எங்க, அது மக்கு" என்று முந்திக்கொள்வாள். மலைமேல் பைல் நாட்டுத் தாய்மார் எல்லாருமே அப்படித்தான்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் அர்த்தனாரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். அவரைப் பார்த்ததும் குப்பாயி உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

வெள்ளைக்காரன் சண்டை தொடங்கின வருஷம் அது. சில மாதம் முன்னால் சேலத்து விடுதிப் பள்ளியில் மலைப் பெண் ஒருத்திக்கு இடம் இருந்தது. பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று பெற்றவளிடம் ஐந்து படியில் எந்தப் படி எனக் கேட்டு, ஒரு பெயர் அனுப்பச் சொன்னார்கள் அந்தப் பள்ளிக்காரர்கள். தாய்மாருக்கு எழுத்துத் தெரியாது. வாத்தியார் ஐந்து கூழாங்கற்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்து, மந்தத்துக்குச் சின்னக் கல், கெட்டிக்காரிக்குப் பெரிய கல் என்றார். அத்தாயி பக்கத்தில் நிற்க, குப்பாயி எல்லாவற்றிலும் சின்னதைத் தொட்டாள். மற்றத் தாய்மாரில் பலர் நடுவில் இருந்த கற்களைத் தொட, மாதம்மாள் மட்டும் பெரியதைத் தொட்டாள். அவள் மகள் தகரப்பெட்டியோடு மலை இறங்கிய அன்று, குப்பாயி பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அத்தாயி பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை.

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கக் குடுத்துப் பாத்தேன்" என்றார் வாத்தியார். "அத்தாயிக்கும் மேய்ச்சக்காட்டுலயே வெச்சுக் குடுத்தேன். கல்லு பெருசாகப் பெருசாக மார்க்கும் ஏறணுமில்ல? ஏறல. நடுவுல இருக்கற மூணுக்கும் வித்தியாசமே இல்ல. சின்னக் கல்லுக்குத்தான் மார்க்கு அதிகம். நல்லா ஏமாத்திப்புட்டீங்க, போங்க."

"கெட்டிக்காரப் புள்ளைக்குப் பெரிய கல்ல எவ தொடுவா சாமி? கண்ணு பட்டுருமில்லீங்களா. மந்தமான புள்ளைக்குத் தொட்டா ஒண்ணுமில்ல, அதும்மேல யாரு கண்ணு வெக்கப்போறா?"

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலீங்களே."

"கேட்டிருக்கணும்." வாத்தியார் தரையைப் பார்த்தார். "சேலத்துல இனி இடமில்ல. இங்கயாவது அவ படிக்கட்டும். நீங்க ஒரு வார்த்த சொன்னா வருவா. கெட்டிக்காரின்னு நான் சொன்னா நம்பமாட்டேங்கறா."

ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு அத்தாயி உள்ளே வந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அப்ப நான் மக்கில்லையாம்மா?"

குப்பாயியின் முகம் எரிந்தது. வேற்று ஆம்பளை முன்னால் பெற்ற மகள் இப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டது. இல்லை கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தாள். மண்ணுக்குள் போன இரண்டு பேரின் ஞாபகம் வந்தது. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா."

வாத்தியார் குப்பாயியைப் பார்த்தார். குப்பாயி தலையைக் குனிந்து, முறத்தில் கிடந்த சாமையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அத்தாயி ஆட்டுக்கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.