பங்காளி என்று சொன்னவன்

ஜூலை 6, ஞாயிறு, காலை 6.40. கைபேசியில் தவறிய அழைப்புகள் மூன்று. நான்காவதை எடுத்தேன். நம் அறிவியல் மன்றச் செயலாளர். "முத்துக்குமார் போயிட்டான். தூக்கத்துலயே மாரடைப்பு." அடுத்து, "சனிக்கிழமை இலஞ்சிப் பள்ளிக்கூடத்துல அவன் பேச வேண்டியது. இனி நீதாம்லே பேசணும்" என்றார்.

எம்.எஸ்ஸி. விலங்கியலில் இருவரும் ஒரே வகுப்பு. நான் முதல் மாணவன். அவன் கடைசி வரிசை. மரபணு வரிசைகளை ஒப்பிடுவது என் பிழைப்பு. அவன் தென்காசியில் டியூஷன் எடுத்தான். ஆனாலும் மன்றத்தார் நீங்கள் மேடைக்குக் கூப்பிட்டது அவனைத்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

குற்றாலத்தில் சீசன் சமயம் நடந்த கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதன்தான் நெருங்கிய உறவு என்று படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். கொட்டாவி விட்டீர்கள். பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் எழுந்தார். "குரங்குதான் மனுசனாச்சுன்னா, இன்னும் எதுக்குத் தம்பி குரங்கு இருக்கு?"

நான் "பொது மூதாதை" என்று ஆரம்பிப்பதற்குள் முத்துக்குமார் மைக்கை வாங்கிவிட்டான்.

"ஒங்க பெரியப்பா மவன் இருக்காருல்லா அண்ணாச்சி? நீங்க பொறந்ததும் அவரு இல்லாமப் போயிட்டாரா? சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி."

"அப்போ அருவிக்கரைல பையப் பிடுங்குதே குரங்கு, அது?"

"வாலு இருக்குல்லா, அது தூரத்துச் சொந்தம். பத்திரிகை வைக்காமலே சாப்பாட்டுக்கு வந்துரும்."

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் சண்டை போட்டேன். பங்காளி என்பது ஆண்வழி உறவு, வகைப்பாட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்றேன். "ஒனக்கு வந்திருக்குல்லா, அதுக்குப் பேரும் பங்காளிக் காய்ச்சல்தாம்லே" என்றான். கண்டக்டரும் சிரித்தார்.

கிளை கிளையாக நான் வரைந்திருந்த உறவு மரப் படத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. "மனுசன ஏம்லே எப்பவும் கடைசில கிரீடம் மாதிரி வைக்க? கெளையத் திருப்பிப் போடு. ஒறவு மாறாது." சரியாகத்தான் சொன்னான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

இனி செய்யப்போவது:

1. சனிக்கிழமை இலஞ்சியில் நான் பேசுகிறேன்.
2. படத்தில் மனிதனை நடுவில் வைப்பேன்: ஒருபக்கம் ஒராங்குட்டான், கொரில்லா, மறுபக்கம் சிம்பன்சி, பொனோபோ.
3. அந்தக் கேள்வி வரும். அவன் பெயரைச் சொல்லி அவன் பதிலையே சொல்வேன்.
4. கைதட்டினால் அதில் பாதியை நான் எடுத்துக்கொள்வேன். பங்காளிக்குப் பங்கு உண்டு.