என் கைமேல் வந்த சந்தேகம்

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். நடந்ததும் பாதி மறந்துபோகிறது. அந்த மேனேஜர் சிரித்த சிரிப்பு மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறவள் நான். வாங்க வந்தவர்கள் பிரித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளுவதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பழையபடி மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. வாய் திறக்கவே கூச்சப்படும் எனக்கு அதுதான் சுகம்.

போன தை மாதம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து கடையையே பிரித்துப்போட்டது. சாயந்திரம் பார்த்தால் ஒரு அரக்குப் புடவையைக் காணோம். மறுநாள் காலை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினான். கேமராவில் புதிதாக ஏஐ போட்டிருந்தார்கள். திருடுகிறவர்களை அதுவே கண்டுபிடிக்குமாம். படத்தில், எங்களுக்கு டீ கொடுக்கும் ஐயம்பேட்டைக்காரி புடவைக் குவியல் பக்கம் குனிகிறாள். அவளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

"டம்ளர் எடுக்கத்தான் சார் குனிஞ்சேன்" என்று அழுதாள்.

"மெஷின் பொய் சொல்லுமா?" என்று என் பக்கம் திரும்பினான். "ஆயா, நீ பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தியே. எடுத்தாளா, இல்லியா? ஆமான்னு சொல்லு, போலீசுக்குப் போன் போட்டுடறேன்."

"தெரியலபா."

சிரித்தானே ஒரு சிரிப்பு! "கம்ப்யூட்டருக்கே தெரியுது, பக்கத்துல இருந்த உனக்குத் தெரியலியா? கண்ணாடிய மாத்து ஆயா."

சுற்றி நின்ற சேல்ஸ்காரர்களும் சிரித்தார்கள். நேற்றுவரை அவள் கையால் டீ குடித்தவர்கள். ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. கட்டம் போட்டாயிற்று, திருடி, முடிந்தது. யோசிக்கிற வேலையையும் மெஷின் தலையில் கட்டிவிட்ட ஜன்மங்கள்.

எனக்கோ என் கைமேலேயே சந்தேகம். பட்டு வழுக்கும். ஒரே நிறத்தில் இரண்டு புடவை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால், அவசரத்தில் ஒன்றாகச் சேர்ந்து மடிந்துவிடும். கனம் தெரியாதா என்றால், சரிகை கூடுதலாக இருக்கிற புடவையும் கனம்தான். அப்படி மடித்தேனா? நினைவில்லை. மடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியவில்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாள்.

"நானே ரெண்டையும் ஒண்ணா மடிச்சிருக்கலாம்பா. அரக்கெல்லாம் பிரிச்சுப் பாக்கலாம்."

"இத்தினி வருஷமா இந்த லட்சணத்துலதான் மடிச்சியா? இருந்தா சரி. இல்லன்னா நாளையிலருந்து நீயும் வராத."

பிரித்தேன். பதினோராவது பெட்டியோ என்னவோ, புடவையை உதறினதும் உள்ளேயிருந்து இன்னொன்று வழுக்கி விழுந்தது.

மன்னிப்பா? யாரும் கேட்கவில்லை. "கேமரா ஆங்கிள் சரியில்ல" என்றான். என்னிடம், "வயசாயிடுச்சு, கவனமா மடி" என்றான். மெஷினுக்கு ஒரு திட்டுகூட இல்லை.

வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த ஐயம்பேட்டைக்காரி என்மேல் பாய்ந்தாள். "எத்தினி வருஷமா என்னைத் தெரியும்க்கா உனக்கு? 'எடுக்கல'ன்னு சொல்ல வாய் வரலியா?"

"பாக்காதத எப்டிமா பாத்தேன்னு சொல்றது? நானும் அவன மாதிரி அடிச்சுப் பேசியிருந்தா, அவன் எடுத்தாம்பான், நான் எடுக்கலம்பேன். பெட்டிய யாரு பிரிச்சிருப்பாங்க?"

ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டாள். பிறகு அந்தக் கடைப் படி மிதிக்கவே இல்லை. நல்ல காரியம் செய்தாள்.

எனக்கு அதே மூலை, தலைக்கு மேலே அதே கேமரா. இப்போது ஒவ்வொரு புடவையையும் இரண்டு தடவை உதறிவிட்டுத்தான் மடிக்கிறேன். நேரமாகிறது என்று கத்துகிறான். கத்தட்டும். என் கையை நான் நம்பாததால்தான் அன்றைக்கு ஒருத்தி வீடு போய்ச் சேர்ந்தாள்.

பெட்டி பதினோராவதா ஒன்பதாவதா, நிறம் அரக்கா குங்குமமா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கேமரா பிடித்த படம் கடையில்தான் இருக்கும். முடிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரிசெய்யுங்கள். நான் எழுதிவிட்டேன் என்பதற்காக அப்படியே நம்பிவிடாதீர்கள்.