ஜன்னல் கம்பியில் சர்க்கரைவள்ளி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் எங்கள் வாடகை வீடு. கணவர் கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். வாரத்தில் ஒருநாள் வீட்டில் தங்கினால் பெரிது. மற்ற நாளெல்லாம் நானும் மாமனாரும்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். நினைவு தப்பத் தொடங்கியதும் இங்கே கூட்டிவந்தோம். வந்த புதிதில், கொடிக்காலுக்குத் தண்ணி கட்டவென்று யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். கரூர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து கதவு எப்போதும் பூட்டு. சாவி என் இடுப்பில்.

கல்யாணம், கோயில், அம்மா வீடு எல்லாம் நின்றுபோயின. காய்கறிகூடக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கித்தான் வாங்கினேன். பட்டறையில் தகரம் தட்டும் சத்தம் காலையில் தொடங்கினால் இருட்டும்வரை மண்டைக்குள் ஓடும்.

ஒருநாள் கூடையின் அடியில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு பாதி அழுகிக் கிடந்தது. மறுமுனையில் ஊதா நிறத்தில் முளை. கெட்டதை அரிந்துவிட்டு, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் நிற்க வைத்தேன். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. கேரட் தலை, வெங்காய அடி, இலை கிள்ளிய புதினாத் தண்டு என்று குப்பைக்குப் போகவேண்டியதெல்லாம் ஜன்னல் மேடைக்கு வந்தது. அந்த ஜன்னல் மாடிப்படியைப் பார்த்தது. வள்ளிக்கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மாமனார் தினமும் அதன் முன் வந்து நின்று இலையைத் தடவுவார்.

கொடிக்கு மண் வேண்டியிருந்தது. அவர் தூங்கிய நேரமாகப் பார்த்து, வெளியே பூட்டிக்கொண்டு, பக்கத்துக் காலிமனைக்கு பெயின்ட் வாளியோடு இறங்கினேன். வெயிலில் நின்று மண் அள்ளியது அவ்வளவு நன்றாக இருந்தது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். இலைகளுக்கு அந்தப்பக்கம் அவர் முகம்.

"மாமா, கதவத் தொறங்க!"

"ஆருங்க நீங்க? ஊட்டுல ஆருமில்லீங்க. மருமவ வெளீல போயிருக்குது."

"நாந்தானுங்க மாமா மருமவ."

என்னை நிதானமாகப் பார்த்தார். "ஆரு வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு அது சொல்லியிருக்குதுங்க. தொறந்தா வையும்."

கெஞ்சினேன், அதட்டினேன். அதட்டியதும் அவர் ஒரு அடி பின்னால் போனார். பருப்பு அடிபிடிக்கும் வாசனை வந்துவிட்டது. கணவர் போனை எடுக்கவில்லை. கையில் மண்வாளி இருந்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு வேறு பேச்சு தோன்றியது.

"ஏனுங்க, கொடிக்கு மண்ணு அணைக்க வந்திருக்கறனுங்க. வேல இருக்குதுங்களா?"

அவர் முகம் தெளிந்தது. "அட, ஏன் இத்தன நேரங்கழிச்சு வாரீங்க? வெயில் ஏறிப் போச்சு பாருங்க."

தாழ்ப்பாள் விலகியது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் விடவில்லை, வேலை முடியவேண்டும் என்றார். கிழங்கை வாளியில் நட்டு மண் அணைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, வேர் நோகாமல் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்புட்டுப் போங்க சாமி" என்று அவரே தட்டு எடுத்தார். சோறு கொஞ்சம் கீழே சிந்தியது. தீய்ந்த பருப்பை மேலே ஊற்றினார். அந்த வீட்டில் யாரும் எனக்குச் சோறு போட்டதில்லை. உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

பிறகு எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொழுதாச்சுங்களே, நீங்க ஊட்டுக்குப் போவலீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "இன்னிக்கு இங்கதானுங்க."